நடுங்காத நாலு நிமிஷம்

“ஆ... ஆ... ஆ...!”

அலறல் எடிட்டிங் அறையின் நான்கு சுவர்களிலும் மோதி விழுந்தது.

ஒரு பெண்ணின் அலறல். இரண்டே விநாடி. தொடர்ந்து, இரும்பின் மேல் ஏதோ கனமாக விழும் ஓசை.

எடிட்டர் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். அறை மௌனமானது.

“அண்ணா... கேட்டுச்சா?”

பின்னால் சோபாவில் இருந்தவன் எழுந்தே விட்டான். லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய ஒரே அண்ணன்.

“இன்னொரு தடவை போடு பாப்பா...”

போட்டாள். மறுபடியும் அலறல்.

“இது அம்மாதான்! எங்க முதலாளியம்மா குரலேதான்! மணி என்ன காட்டுது?”

“பதினொண்ணு பதினஞ்சு. ஷூட்டிங் நடந்துக்கிட்டு இருக்கு. நீ பிடிச்ச ரிஃப்ளெக்டர் பலகையோட வெளிச்சம் முதலாளி மூஞ்சியில அடிக்குது. தப்பிச்சேண்ணா!”

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

நான்கு நாட்களாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு விளம்பரப் படம். அவன் சிபாரிசில்தான் அந்த வேலை இவளுக்குக் கிடைத்தது. முதலாளி கேமரா முன்னால் பேசிக்கொண்டிருந்த காலை நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், சோதனைக் கோபுரத்தின் லிஃப்ட் குழிக்குள் அவர் மனைவி விழுந்து இறந்து போனார்.

தள்ளிவிடப்பட்டார் என்றது போலீஸ்.

மேல்மாடிக் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி ஒருவரிடம்தான் உண்டு. அண்ணனிடம்!

“பதினொண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் முதலாளி மூஞ்சிக்கு வெளிச்சம் அடிச்சுக்கிட்டு நின்னேன் சார்” என்று அவன் தலையில் அடித்துச் சொன்னான். ஆனால், பார்த்தவர் இல்லை. கேமராமேனின் கண் கேமராவில். முதலாளியின் கண் கூச்சத்தில்.

சாவு எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்; அந்த நேரத்துப் படத்தில் அவன் பிடித்த வெளிச்சம் இருக்கும். அதற்குத்தான் இவள் மூன்று நாட்களாக அந்த ஒலியைத் துவைத்துக் காயப்போட்டாள். ஏசி இரைச்சலில் ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்தாள். அதே இரைச்சலை மொத்தப் பதிவிலிருந்தும் கழித்தாள். கழிக்கக் கழிக்க, அடியில் கிடந்த அலறல் மேலே மிதந்து வந்தது.

அண்ணன் போனை எடுத்தான்.

“ஹலோ, இன்ஸ்பெக்டர் சாரா? சார், ஆதாரம் கிடைச்சிருச்சு சார்! என் தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா! உடனே வாங்க சார்... அரை மணியா? சரி சார், வாங்க சார்!”

போனை வைத்துவிட்டு அவள் தலையைக் கோதினான்.

“உன்னை எடிட்டிங் படிக்க வெச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பொட்டியைத் தட்டி என்ன கிழிக்கப் போறான்னு. அண்ணன் உசிரையே மீட்டுட்டியே பாப்பா!”

“போதும்ணா, ஐஸ் வெக்காதே. ஏற்கெனவே ஏசி இருபதுல இருக்கு.”

இருவரும் சிரித்தார்கள்.

அவள் வழக்கப்படி ஒரு வேலை செய்தாள். கையை விட்டுப் போகிற எந்தப் படமானாலும், ஒருமுறை வெளிச்சத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். வேவ்ஃபார்மைத் திறந்தாள். படத்தின் வெளிச்சம் திரையின் ஓரத்தில் பச்சைக் கோடாக ஓடியது.

முதலாளியின் இடது கன்னம். ரிஃப்ளெக்டர் வெளிச்சம் விழுகிற இடம்.

கோடு மெல்ல நடுங்கியது. நியாயம்தான். மனிதக் கை பிடித்தால் நடுங்கத்தான் செய்யும்.

பதினொன்று ஐந்து... நடுக்கம். பதினொன்று பத்து... நடுக்கம்.

பதினொன்று பன்னிரண்டு...

கோடு நின்றுவிட்டது!

செத்தவனின் இதயத் துடிப்பைப் போல நேர்க்கோடு. பதின்மூன்று... பதினான்கு... அலறல் வந்த பதினைந்திலும் நேர்க்கோடு. பதினாறில் ஒரு குலுக்கல். பிறகு பழையபடி நடுக்கம்.

அவள் பின்னோக்கி ஓட்டி மறுபடியும் பார்த்தாள்.

நாலு நிமிஷம் அந்தப் பலகையை மனிதக் கை பிடிக்கவில்லை. ஏதோ நாற்காலிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது!

“என்ன பாப்பா, கப்சிப்னு ஆயிட்டே?”

“ஒ... ஒண்ணுமில்லேண்ணா.”

“அந்தப் பச்சைக் கோடு என்னது?”

“சும்மா... கலர் பாக்கறது.”

“ஏன் நடுவுல மட்டும் ஆடாம இருக்கு?”

அவள் கை அவசரமாக அந்தக் கோட்டை மூடப் போனது. அதுவே பதிலாகிவிட்டது.

க்ளக்!

கதவின் தாழ்ப்பாள். ஒலி புகாத கதவு. உள்ளே வெடி வெடித்தாலும், வெளியே டீ குடிப்பவன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஜன்னல் கிடையாது. இத்தனை வருஷம் இந்த அறையை அவளுக்குப் பிடித்ததே அதற்காகத்தான்.

அண்ணன் கையில் நீளமான ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

“புத்திசாலிப் பொண்ணை வீட்ல வெச்சிருந்தா இதான் தொல்லை” என்றான். சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை.

“ஏண்ணா... ஏன் அப்படிப் பண்ணினே?”

“பதினேழு கட்டடம் பாப்பா. லிஃப்டை ஏறிக்கூடப் பாக்காம ‘நல்லா இருக்கு’ன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஒண்ணு அறுந்து விழுந்துச்சு. அந்தம்மா ஃபைலைத் தோண்டி எடுத்துட்டாங்க. சாயந்திரம் போலீஸுக்குப் போறேன்னாங்க. ‘மேல வந்து ஒரு தடவை பாருங்கம்மா, விளக்கிச் சொல்றேன்’னேன். வந்தாங்க.”

“தெரிஞ்சேதான் ரிஃப்ளெக்டர் பிடிக்கிறேன்னு வந்தியா?”

“பின்ன? எனக்கு நடிக்க வருமா? வெளிச்சம் பிடிக்கத்தான் வரும்.”

“போலீஸைக் கூப்பிட்டதும் நீயேதான்.”

“ஆமா. இப்ப வருவாரு. அதனால வேலையைப் பாரு. அந்தக் கோட்டை ஆட வை.”

“என்னது?”

“நாலு நிமிஷத்துக்கும் நடுக்கம் போடு. உன்னால முடியும். இல்லாத மழையையே பெய்ய வெச்சவ நீ!”

“போட மாட்டேன்னா?”

ஸ்க்ரூடிரைவரின் முனை அவள் கழுத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது. அது கூடப் பரவாயில்லை. அவன் அடுத்துச் சொன்னதுதான் அவளை அசையவிடாமல் கட்டிப்போட்டது.

“நான் ஜெயிலுக்குப் போனா நம்ம அம்மாகிட்ட யாரு சொல்லுவா? நீயா?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மவுஸைப் பிடித்தாள்.

முன்னால் இருந்த நடுக்கத்தைப் பிரதி எடுத்தாள். நேர்க்கோட்டின்மேல் புள்ளி புள்ளியாக வைத்தாள். இங்கே கொஞ்சம் வெளிச்சம் கூட்டு... அங்கே கொஞ்சம் குறை... அண்ணனின் மூச்சு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“சீக்கிரம்!”

“அவசரப்படுத்தினா ஜெல்லி மாதிரி ஆடும். பரவாயில்லையா?”

பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். ஓட்டிக் காட்டினாள். முதலாளியின் கன்னத்தில் வெளிச்சம் மெல்ல நடுங்கியது. பச்சைக் கோடு உயிர் பெற்றது.

“அடேங்கப்பா! என் கை மாதிரியே இருக்கே!” அவன் குதூகலித்தான். “சேவ் பண்ணு.”

“பண்ணிட்டேன்.”

“பழையது போயிருச்சு இல்ல? தேஞ்ச பார்ட்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டின மாதிரி?”

“சேவ் பண்ணிட்டேண்ணா” என்றாள் மறுபடியும்.

கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வெளியே யாரோ அழைப்பு மணியை அழுத்துகிறார்கள்.

அவன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைக்குள் செருகினான். குனிந்து அவள் காதில் சொன்னான்.

“வாயைத் திறந்தே... முதல்ல நீ. அப்புறம்தான் நான்.”

தாழ்ப்பாளை நீக்கினான்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, ஏசிக்கு நேராக நின்றார்.

“உங்க தொழில்ல குற்றவாளி கிடைக்கலேன்னாலும் குளுகுளுன்னு இருக்கும்மா. எங்க, போடுங்க பாப்போம்.”

அலறலைக் கேட்டார். பதினைந்தாம் நிமிடத்தைப் பார்த்தார். கன்னத்தின் வெளிச்சத்தைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

“வெளிச்சம் இருக்கு. அப்ப ஆளும் இருந்திருக்காரு. உங்க அண்ணன் பிழைச்சாரு. இதோட ஒரிஜினல் வேணுமே?”

“இந்தாங்க சார்!” அண்ணன் முந்திக்கொண்டான். மேஜையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பூ கொடுப்பது போல இரண்டு கைகளாலும் நீட்டினான். “கேமராவுல எடுத்தது மொத்தமும் இதுலதான் இருக்கு. வேற பிரதியே கிடையாது.”

“ஏம்மா, இதுல இருக்கறதை நீங்க மாத்தினீங்களா?”

“டிஸ்க்ல இருக்கற எதையும் நான் மாத்தல சார்.”

அண்ணன் முகத்தில் பெருமை வழிந்தது. என் தங்கச்சி!

“வாங்கினா ஓட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அது எங்க சட்டம்.” இன்ஸ்பெக்டர் தன் லேப்டாப்பைத் திறந்தார். டிஸ்க்கைச் செருகினார். முதலாளி பேசத் தொடங்கினார்.

எடிட்டர் நாற்காலியை நகர்த்தினாள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“சார்... பதினொண்ணு பன்னிரண்டுக்குப் போங்க. இப்ப அந்தக் கன்னத்தைப் பாருங்க.”

வெளிச்சம் ஆடவில்லை. கல்லில் செதுக்கியது போல நின்றது. நாலு நிமிஷமும்!

“அங்க ஆடிச்சு... இங்க ஆடலியே?” இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

“அங்க ஆடினது இவர் சொல்லி நான் போட்டது சார். எத்தனை மணிக்குப் போட்டேன்னு கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு. இதுதான் கேமரா பாத்தது. அந்த நாலு நிமிஷம் பலகை நாற்காலியில இருந்துச்சு. இவர் கோபுரத்துல இருந்தாரு.”

“பாப்பா!” அண்ணன் வீறிட்டான். “சேவ் பண்ணினேன்னியே!”

“பண்ணினேண்ணா. ‘இந்த இடத்துல இவ்வளவு வெளிச்சம் கூட்டு’ன்னு கம்ப்யூட்டர்ல ஒரு குறிப்பு எழுதி, அதைத்தான் சேவ் பண்ணினேன். வெட்டறது, ஒட்டறது எல்லாமே எங்களுக்கு வெறும் குறிப்புதான். எடுத்த படத்தை நாங்க தொடவே மாட்டோம்.”

அவன் பாய்ந்தான். ஸ்க்ரூடிரைவர் பளிச்சிட்டது. கான்ஸ்டபிள்கள் அதைவிட வேகமாக இருந்தார்கள். மூன்று விநாடியில் அவன் கன்னம் தரைக் கம்பளத்தில் பதிந்திருந்தது.

“அம்மாகிட்ட என்னடி சொல்லுவே?”

அவள் குனிந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

“உண்மையைத்தான். அதுவும் நானே போய்ச் சொல்லுவேன்.”

விலங்கு பூட்டப்பட்டது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கான்ஸ்டபிள் ஒருவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போனார்.

“யோவ், கையை எடு!” இன்ஸ்பெக்டர் பதறினார். “இது எவன் கையெழுத்துப் போட்ட லிஃப்டோ... படியிலேயே இறங்குவோம். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு!”