துணி போர்த்திய வானம்

கூடத்துச் சுவரில் இருந்த படத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. மனைவி நஜ்முன்னிசாவின் பழைய பச்சைத் துப்பட்டா. நாலு மூலையிலும் ஊக்கு குத்தி, ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி இழுத்துக் கட்டியிருந்தாள். பெட்டியைக் கீழே வைக்காமலே அன்சார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொழுகிற இடத்தில் ஆள் படமோ மிருகப் படமோ இருந்தால் மூடி வைப்பார்கள், அது அவனுக்கும் தெரியும். ஆனால் இந்தப் படத்தில் மூடுவதற்கு என்ன இருக்கிறது? வானம்தானே.

அது அவனே பொறுக்கி எடுத்த படம். ஷார்ஜாவில் பணக்கார வீட்டுச் சுவர்களுக்குப் படம் அச்சடித்துச் சட்டம் கட்டிக் கொடுக்கும் கடையில் அவனுக்குப் பதினோரு வருஷ வேலை. பாலைவனத்தில் இரவு முழுக்கக் கேமராவைத் திறந்து வைத்து எடுத்த நெபுலா படங்கள் அங்கே சக்கைப்போடு போட்டன. சிவப்பும் நீலமுமாக வாயு மேகம், அதற்குள் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள். லப்பைக்குடிக்காட்டில் கட்டிய புது வீட்டுக்கு அதில் ஒன்றை அனுப்ப நினைத்தபோது ரொம்பவே கவனமாகப் பார்த்தான். குதிரைத் தலை மாதிரி ஒன்று இருந்தது. குதிரைக்கும் உயிர் உண்டே என்று ஒதுக்கினான். கழுகு மாதிரி இருந்ததையும் அப்படியே தள்ளினான். கடைசியில் எதைப் போலவும் இல்லாத ஒன்று கிடைத்தது. சிவப்பு மேகத்தின் நடுவே ஒரு கரிய திட்டு, அவ்வளவுதான். பின்னால் இருக்கிற வெளிச்சத்தை மறைக்கும் தூசி அது என்று படம் எடுத்தவர் சொன்னார். தூசிக்கு உயிர் இல்லை என்று திருப்தியாக ஊருக்கு அனுப்பி வைத்தான்.

மூன்று வருஷம் கழித்து இப்போது விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டான். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே திருச்சியில் இறங்கி, பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தியபோதுகூட வீட்டுக்குப் போன் செய்யாமல் வந்தான். கதவைத் திறந்ததும் அவள் சிரிப்பாள், அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்திருந்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை. வாசலை மறித்து நின்றாள்.

“நாளன்னிக்குன்னுதானே சொன்னீங்க?”

மகள் இன்ஷாவை இரண்டு வயதில் விட்டுப் போனான். இப்போது ஐந்து முடிந்துவிட்டது. சாக்லேட் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் மாமா” என்றாள். நஜ்முன்னிசா திருத்துவாள் என்று காத்திருந்தான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எட்டு மாதமாக வீடியோ காலே கிடையாது, நெட் எடுப்பதில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். பிள்ளைக்கு முகம் மறந்திருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வலிக்கத்தான் செய்தது.

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனான். கொடியில் அவனுடைய பழைய நீலக் கைலி காய்ந்துகொண்டிருந்தது. பீரோவின் அடியில் மடித்து வைத்துவிட்டுப் போனது. இடுப்பில் சுற்றும் இடம் சாயம் போய் வெளுத்திருந்தது. தினமும் யாரோ கட்டி, தினமும் துவைத்த கைலி.

திரும்பி வந்தபோது அவள் டீ கொண்டுவந்தாள். மூன்று கிளாஸ். ஒன்றை அவனிடம் கொடுத்தாள், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாள், மூன்றாவதைப் படத்துக்குக் கீழே காலியாகக் கிடந்த சோபாவின் முன்னால் வைத்தாள். அவன் பார்ப்பதைக் கண்டதும் அதை எடுத்துக்கொண்டாள். டீயைக் குடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே அவனுடைய அக்கா வீட்டுக்குப் போய் இந்த ஒரு ராத்திரி தங்கச் சொன்னாள். மூன்று வருஷம் கழித்து வந்தவனிடம் அவள் சொன்ன அதிகபட்சப் பேச்சு அதுதான்.

இவளுக்கு வேறு ஆள் இருக்கிறான். அன்சார் கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைத் தள்ளினான். கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் தலையணை பள்ளமாகிக் கிடந்தது. ஒரு முடி இல்லை, வியர்வை வாடை இல்லை, பீடி சிகரெட் வாடை இல்லை. வெல்டிங் வைத்து ஆறிய இரும்பின் வாடை மட்டும் மெல்லியதாக மெத்தையிலிருந்து வந்தது. சித்திரை வெயிலில் சட்டை நனைந்து வந்தவனுக்கு அந்த அறையின் குளிரில் கைமயிர் சிலிர்த்துக்கொண்டது. தலையணையைத் தொட்டான். ஈரமில்லாத குளிர். கையை எடுத்த பிறகும் விரல் மரத்தே இருந்தது.

கூடத்துக்கு வந்தவன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். ஊக்குகள் தெறித்தன.

சிவப்பு மேகம் அப்படியே இருந்தது. நீலம் இருந்தது. கரிய திட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் நெருக்கமாக நட்சத்திரங்கள் எரிந்தன. அவன் அச்சடித்தபோது அந்த நட்சத்திரங்கள் இல்லை. ஓரமெல்லாம் தன் கையால் ஸ்டேப்ளர் பின் அடித்த படம் அது, அவனுக்குத் தெரியாதா?

“நஜ்மு, இங்க இருந்தது எங்க?”

அவள் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னாள். போன ஆவணி மழையில் இன்ஷாவுக்கு டெங்கு வந்தது. பெரம்பலூர் டாக்டர் கைவிரித்த மாதிரி பேசினார். நான்கு நாளில் இருபது தடவை ஷார்ஜாவுக்குப் போன் செய்தாள். லீவு கிடைக்காது என்று அவன் சொன்னது அவனுக்கும் நினைவிருந்தது. நாலாம் நாள் பொழுது சாய்ந்ததும் அது படத்திலிருந்து இறங்கி, அன்சார் உட்காருகிற மாதிரியே பிள்ளையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தது. விடிய விடிய அசையவில்லை. காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

“நான்னு நெனச்சிட்டியா?”

“இல்ல. நீங்க இல்லன்னு மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான் கைலிய எடுத்துக் குடுத்தேன். திரும்பிப் போயிடக் கூடாதுன்னு படத்த மூடினேன். நீங்க வரல. அது வந்துச்சு.”

வந்தது வேறொரு ஆண்பிள்ளை என்றால் சட்டையைப் பிடித்து அடித்திருப்பான். தன் பெண்டாட்டி ஆள் தெரியாமல் ஏமாந்தாள் என்றால்கூட மன்னித்திருப்பான். இவளோ எட்டு மாதமாகப் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டே, அவனுடைய வீட்டை, அவனுடைய படுக்கையை, தகப்பனை அத்தா என்று கூப்பிடும் பிள்ளையின் வாயைக்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அழுகைதான் வந்தது.

பள்ளிவாசலில் அந்தி நேர மஹ்ரிபு பாங்கு கேட்டது. ஜன்னலில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

“லைட்டப் போடாதீங்க. அதுக்கு ஆகாது.”

கை நின்றது.

படுக்கையறையில் கட்டில் முனகியது. பிறகு காலடி. நிதானமாக. வீட்டுக்காரனின் நடை. இரும்பு வாடை கூடத்தில் நிறைந்தது. குளிர் கணுக்காலில் ஏறியது. சோபா அழுந்தும் சத்தம்.

இன்ஷா டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். அவனைத் தாண்டி ஓடினாள்.

“அத்தா!”

ஏறி உட்கார்ந்தாள். சோபாவின் மேல் அல்ல. சோபாவுக்கு ஒரு சாண் மேலே. கால்கள் தொங்கின. தலை பின்னால் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் இருட்டு மற்ற இருட்டைவிடக் கெட்டியாக இருந்தது. தோள் அகலத்துக்கு. அதற்குப் பின்னால் சுவர் தெரியவில்லை.

இருட்டு தொண்டையைச் செருமியது. மையும் தூசியுமாகப் பதினோரு வருஷம் சுவாசித்த செருமல். அன்சாரின் செருமல்.

“வாங்க,” என்றது. அவனுடைய குரல். “எப்ப வந்தீங்க?”

அன்சார் நீட்டியிருந்த கையை இறக்கினான்.

“எப்ப போறீங்க?” என்றது இருட்டு.

அவன் நஜ்முன்னிசாவைப் பார்த்தான். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவள் சொல்வாள் என்று பார்த்தான். அவள் எழுந்தாள். சுவரை ஒட்டி நகர்ந்துபோய் அந்த இருட்டின் தோளோரம் நின்றாள். பிறகு அன்சாரை நேராகப் பார்த்து, அந்நிய ஆண் எதிரில் செய்வதுபோல், முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.