மணிக்கயிறு யார் கையில்?

"டிங்!"

வீரப்பன் கயிறு இழுப்பதை நிறுத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"டிங், டிங்!"

மறுபடி இழுத்தார். காலையிலிருந்து இதே கூத்துதான்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. உறுவையாறு கிராமத்தில் மின்சாரம் இல்லை. பண்ணையார் வீட்டு உத்தரத்தில் பங்கா என்னும் பெரிய துணி விசிறி தொங்கியது. சுவருக்கு வெளியே உட்கார்ந்து வீரப்பன் கயிற்றை இழுத்தால்தான் உள்ளே காற்று வரும்.

உள்ளே, பண்ணையாரின் ஏழு வயது மகன் நாகராஜன் காய்ச்சலில் கிடந்தான். "வியர்த்தால் விசிறுங்கள், குளிரெடுத்தால் நிறுத்துங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து, வெளியே வீரப்பன் பக்கத்தில் தொங்கும் மணியின் கயிற்றை உள்ளிருந்து இழுக்கும் பொறுப்பு, அதே அறையில் கணக்கெழுதும் சாமிக்கண்ணு பிள்ளைக்கு. ஒரு மணி என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் இழுக்க வேண்டும்.

வீட்டம்மா செங்கமலம் வெளியே ஓடிவந்தார்.

"வீரப்பா! புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது, பங்கா நிக்குது! ஒண்ணு, ரெண்டு எண்ணத் தெரியலியா? இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, நீ எழுந்து போயிடு. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சரியாத்தான் எண்ணறேன் தாயே..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செங்கமலம் போய்விட்டார். கூழ் கொண்டுவந்த வீரப்பனின் மகள் சின்னபொண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவளும் கூடவே எண்ணிக்கொண்டுதானே இருந்தாள்!

"டிங்!"

வீரப்பன் மகளைப் பார்த்தார். "இன்னாடி பண்றது? நிறுத்துனா வேலை போச்சு!"

"நிறுத்தாதப்பா. இதோ வரேன்!"

அவள் சன்னலுக்கு ஓடி, எம்பிப் பார்த்தாள்.

பங்காவுக்கு நேர் கீழே, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு கணக்குப்பிள்ளை. காற்றுப் பட்டதும் அவருக்குத் தும்மல் வந்தது. உடனே மணிக்கயிற்றை இழுத்தார். மூலைக் கட்டிலில் கிடந்த பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சின்னபொண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சின்னய்யா! உங்களுக்குக் குளுருதா?"

"இல்ல... வேவுது" என்று முனகினான் நாகராஜன்.

கஞ்சியோடு உள்ளே வந்த செங்கமலம் திகைத்து நின்றார்.

"அம்மா, எங்கப்பாவ அனுப்பிடாதீங்க!" சின்னபொண்ணுவின் குரல் உடைந்தது. "காய்ச்ச சின்னய்யாவுக்கு. குளுருறது கணக்குப்பிள்ளைக்கு. அந்தக் கயித்தைச் சின்னய்யா கையில குடுங்க!"

கணக்குப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

செங்கமலம் அவர் தலையிலிருந்த துண்டைப் பார்த்தார். கயிற்றை எடுத்து மகன் விரலில் சுற்றிவிட்டார்.

அதன்பிறகு மணியே அடிக்கவில்லை. வீரப்பன் இழுத்துக்கொண்டே இருந்தார். நேரம் போகப் போக, சன்னலருகே நின்ற மகளைக் கூப்பிட்டார்.

"இன்னாடி, சத்தமே காணோம்? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

செங்கமலம் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"காய்ச்சல் எறங்கிடுச்சு வீரப்பா! நல்லாத் தூங்கறான்! ஒன்னைப் போயி நான்..."

"மெதுவாப் பேசுங்க தாயே" என்றார் வீரப்பன், கயிற்றை விடாமல். "புள்ள முழிச்சுக்கப் போவுது."

ஊரையே அதட்டும் வீட்டம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.