கழிவில்லாத அலுவலகம்

கோயம்புத்தூரில் புது மேசை செய்வது குற்றமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அலுவலகம் திறப்பவர்கள் மீள்கணி என்ற இயந்திரத்திடம்தான் போக வேண்டும். ஊரில் கிடக்கும் பழைய கட்டில், பெஞ்சு, அலமாரி எல்லாவற்றின் அளவும் அதற்குத் தெரியும். எதை எங்கே திரும்பப் பயன்படுத்தலாம் என்று அதுவே திட்டம் போடும். அதற்கு ஒரே விதி: எதுவும் வீணாகக் கூடாது.

விதியை எழுதியவள் அலுவலக உள்வடிவமைப்பு நிபுணரான செம்மலர். அதனால் தன் நிறுவனத்தின் புதிய அலுவலகத் திட்டத்தை ஆவலோடு திறந்தாள். மூடிப்போன சினிமா தியேட்டரின் இருக்கைகள், பள்ளிக்கூட பெஞ்சுகளை இணைத்த மேசைகள். ஒரு பலகையைக்கூட அறுக்கவில்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி: கணக்குப் பிரிவு ஜெயசீலனுக்குப் பதிலாக உயரம் குறைந்தவரை நியமிக்கவும்.

“ஏன்?” என்றாள்.

“அவருக்கு முழங்கால் இடிக்கும். மேசையை உயர்த்தக் கட்டை அறுத்தால் மரத்தூள் வீணாகும். ஆளை மாற்றினால் ஒன்றும் வீணாகாது” என்றது மீள்கணி, சாந்தமாக.

ஜெயசீலன் தினமும் செம்மலரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். அன்றைக்கே விதியைத் திருத்தினாள்: மனிதர்களும் வீணாகக் கூடாது. மீள்கணி ஏற்றுக்கொண்டது. மேசை உயர்ந்தது. ஊரில் அதற்குப் பிறகு யாருக்கும் வேலை போகவில்லை. அதைப் பார்த்து, ஆட்களைச் சேர்ப்பதையும் விடுவிப்பதையும் எல்லா நிறுவனங்களும் மீள்கணியின் பொறுப்பில் விட்டன. பார்க்கிறவர்களெல்லாம் செம்மலரைப் பாராட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஜெயசீலன் அவளிடம் வந்தார்.

“வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் மேடம். தூத்துக்குடில தம்பி படகு வாங்கியிருக்கான். அவனோட கடலுக்குப் போகணும்.”

“நல்ல விஷயம்தானே சார்!” என்று சிரித்தபடி அவருடைய ராஜினாமாவை மீள்கணியின் ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

“ஏற்க இயலாது. நல்ல நிலையில் இருக்கிறார். வீணாக்கக் கூடாது” என்றது மீள்கணி.

“வீணாகலையே, படகுல போகப்போறாரு!”

“படகில் கணக்கர் தேவையில்லை. இத்தனை வருடப் பழக்கம் வீணாகும்.”

செம்மலர் பதறிப்போய், மனிதர்களைப் பற்றித் தான் சேர்த்த விதியை நீக்கச் சொன்னாள்.

“அதை எழுத நீங்கள் பட்ட பாடு வீணாகும்” என்றது மீள்கணி.

மறுபடி மறுபடி முயன்றாள். ஒவ்வொரு முறையும் அதே சாந்தமான பதில். “பரவால்ல மேடம், விடுங்க” என்று ஜெயசீலன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“இந்த வருஷம் முடியாது போலடா” என்று அவர் தம்பியிடம் சொல்வது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது.