நீல மாதத்து நாற்காலி

ஆட்டம் தொடங்க நான்கு நிமிடம் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

குடையில்லாமல் ஒருத்தி கடைக்குள் ஓடி வந்தாள். இத்தாலியின் துரின் நகரத்தில் பியேரா நடத்தும் காபிக்கடை அது. தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவானோவின் கோட்டு கிடந்தது.

"கோட்டுக்கும் ஆட்டம் பார்க்கணுமா?" என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டான். அவள் இமையில் மழை... கறுத்த கண்கள். முதல் பாதியில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

தொண்ணூறாம் வருடத்து ஜூன். கால்பந்து உலகக் கோப்பை சொந்த மண்ணில். இத்தாலி ஒரே கோலில் ஜெயித்தது. கோல் விழுந்தபோது அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். கையை எடுக்க மறந்துவிட்டாள்.

பியேரா மேஜையைத் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. யார் எங்க உட்கார்ந்தீங்களோ, அடுத்த ஆட்டத்துக்கும் அங்கேதான். அதே சட்டை, அதே கிளாஸ். ஏம்மா, உன் பேர் என்ன?"

"லொரெதானா. நான் மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான்."

"அதெல்லாம் தெரியாது. நீ வரலைன்னா நாடு தோத்துடும்."

யாரும் சிரிக்கவில்லை. ராசி விஷயத்தில் இங்கே யாரும் விளையாடுவதில்லை.

அவள் வந்தாள். இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில் இவானோ கேட்டான்.

"நீங்க எந்த கிளப்?"

"எங்க வீட்டுல எல்லாரும் யுவெந்துஸ்."

கடை அடங்கியது. சுவரெல்லாம் அதே ஊரின் எதிர்க் கிளப்பான தொரினோவின் அடர்சிவப்பு. நடுவில், விமானத்தோடு குன்றில் மோதி மாண்ட பழைய அணியின் படம்.

"ரெண்டாம் பிரிவிலேருந்து இப்பத்தானே ஏறி வந்தீங்க? அதான் இவ்வளவு ரோஷமா?" என்றாள் அவன் காதோரம்.

"பணக்காரன் கிளப்புக்குக் கைதட்ட ஆள் வேணுமே... அதான் உங்க வீடு."

"உங்க கிளப்புக்கு அழறதுக்கு ஆள் வேணும்."

அவன் சிரித்தான். பியேரா சிரிக்கவில்லை.

"இந்த மாசம் எல்லாரும் நாட்டோட நீலச் சட்டை. பொறுத்துக்கிறேன். கோப்பை முடிஞ்சதும் அவ இந்த வாசல மிதிக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெற்றியும் இவானோவுக்கு இன்னொரு முறை அவளைப் பார்ப்பதாக இருந்தது. தோற்றால் அவள் இல்லை.

ஐந்து ஆட்டம். ஒரு கோல்கூட வாங்கவில்லை. பின்னால் தாழிட்டுக்கொண்டு காத்திருப்பது, சமயம் பார்த்து ஒரு முறை பாய்வது... இந்த நாடு பந்தாடக் கற்றது அப்படித்தான். பேட்டைக் குழுவில் பின்வரிசையில் ஆடிய இவானோவும் அப்படித்தான். காத்திருந்தான். பாயவில்லை.

அவள் பாய்ந்தாள். கால் இறுதி முடிந்த சனிக்கிழமை, வாசலில்.

"நாளைக்கு லீவுதானே... ஆத்தோரமா நடக்கலாமா? நீயும் நானும்."

அவன் ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தான். வந்தது வேறு.

"இப்பவா? கோப்பை முடியட்டும். ஜெயிச்சுட்டிருக்கும்போது எதையும் மாத்தக் கூடாது."

அவள் கண்களில் ஏதோ அணைந்தது.

"இவானோ... நான் உனக்கு ஆளா, நாற்காலியா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அரை இறுதி, அர்ஜென்டினாவோடு. நாற்காலி காலி. இத்தாலி முதலில் கோல் போட்டது. "அவ இல்லாமலே!" என்று யாரோ கத்தினார்கள். இவானோ கைதட்டவில்லை. இரண்டாம் பாதியில் அர்ஜென்டினா சமன் செய்தது. இந்தக் கோப்பையில் இத்தாலி வாங்கிய முதல் கோல். கடை முழுவதும் காலி நாற்காலியைப் பார்த்தது.

கூடுதல் நேரத்தில் லொரெதானா வந்தாள். கதவோரம் நின்றாள்.

"வந்து உட்காரும்மா! உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்றாள் பியேரா.

"எனக்கு இங்கேயே போதும் சிஞோரா."

கூடுதல் நேரமும் சமனில் முடிந்தது. பெனால்ட்டி. இத்தாலியின் மூன்று பேர் போட்டார்கள். அவர்களுடைய மூன்று பேரும் போட்டார்கள். இவானோ திரும்பிப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தாலும் இவள் இனி அந்த நாற்காலிக்கு வரப்போவதில்லை... அது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

எழுந்தான்.

"டேய், உட்காருடா! இப்பப் போய் எழுந்திரிக்கிறான் பாரு!"

"கால ஒடிச்சிடுவேன் இவானோ!" பியேராவின் குரல் உடைந்திருந்தது.

அவன் நடந்தான். இத்தாலியின் நான்காவது உதை. கோல்காவலன் தடுத்தான். முதுகுக்குப் பின்னால் வசவு. அவன் உட்காரவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான். அர்ஜென்டினா போட்டது. இத்தாலியின் ஐந்தாவதும் தடுக்கப்பட்டது. ஒரு கிளாஸ் உடைந்தது. இத்தாலி தோற்றது.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. எதிலும் சத்தமில்லை. ஒரு மாடியில் ஒருவர் கொடியை அவிழ்த்து மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார்.

"உன்னாலதான் தோத்தோம்னு சொல்லுவாங்க," என்றாள்.

"சாகற வரைக்கும் சொல்லுவாங்க."

"அப்புறம் எதுக்கு எழுந்த?"

அவன் உள்ளே பார்த்தான். பியேரா விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். இனி அவனுக்கும் அங்கே இடமில்லை.

"ஜெயிச்ச அன்னைக்கு யார் வேணா யாரை வேணா கட்டிப் பிடிப்பாங்க. அதுக்கு அர்த்தம் இல்ல. இன்னைக்கு இந்த ஊர்ல ஒருத்தர் முகத்துலயும் உசுரு இல்ல... இன்னைக்குச் சொல்றேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நம்ம ஆட்டம் இல்ல. ஆத்தோரமா நடக்க வருவியா, லொரெதானா?"