மூன்றாவது கம்பி

கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடியே செத்துக் கிடந்தான் அவன்.

விரல்கள் கம்பியில். மைக் பட்ட உதட்டில் கருகல்...

ஒத்திகை அறையின் மூலையில் அவனுடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதைக் கடைசியா பிரிச்சது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இவதான் சார்." செத்தவனின் தம்பி கையை நீட்டினான்.

நீட்டிய இடத்தில் ஆம்ப் மெக்கானிக் நின்றாள். போன வருடம் வரை செத்தவனின் மனைவி.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"மரியாதையாப் பேசு. அண்ணின்னு கூப்பிட்ட வாய் அது."

"அதெல்லாம் கோர்ட் வாசல்லயே முடிஞ்சு போச்சு. அண்ணன் மேல இருந்த வயித்தெரிச்சலை இதுல காட்டிட்டே."

"வயித்தெரிச்சல் இருந்துச்சு சார், இல்லேங்கல. அதுக்கு ஆம்ப் என்ன பாவம் பண்ணுச்சு?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நக்கலை ஸ்டேஷன்ல வெச்சுக்கலாம். இதுல என்ன பண்ணினே?"

"பழைய ஆம்ப்புக்கு ரெண்டு கம்பி ஒயர்தான் சார். உள்ள ஒரு கெப்பாசிட்டர். அது கெட்டா மெயின் கரண்ட் பெட்டிக்கு வரும், பெட்டியிலேர்ந்து கிட்டாருக்கு. மைக்ல வாயை வெச்சா ஆள் காலி. அதைப் பிடுங்கிப் போட்டுட்டு மூணு கம்பி ஒயர் மாத்தினேன். மூணாவது எர்த்."

இன்ஸ்பெக்டர் ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

பிளக்கில் இரண்டே கால்!

"யாரோ திரும்பப் பழசையே போட்டிருக்காங்க..." அவள் ஒயரை உற்றுப் பார்த்தாள்.

"அந்த யாரோவைத்தான் எல்லாக் கொலைகாரங்களும் சொல்றாங்க. ஜீப்ல ஏறு."

"உள்ள பாருங்க சார். எர்த் கம்பியை நான் முடுக்கின போல்ட் இருக்கும்."

கான்ஸ்டபிள் பெட்டியைக் கவிழ்த்துத் தகட்டைக் கழற்றினார். அவள் குனியப் போனாள்.

"நீ தொடாதே." இன்ஸ்பெக்டர் தம்பியிடம் திரும்பினார். "நீ பாருப்பா."

"எனக்கென்ன சார் தெரியும்? பல்பு மாத்தக்கூட ஆள் கூப்பிடுறவன் நான்."

"பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே. போல்ட் இருக்கான்னு தடவிச் சொல்லு."

தம்பி குனிந்து வலது கையை உள்ளே விட்டான்.

"போல்ட் இருக்கு. கம்பி எதுவும் இல்ல. பொய் சொல்றா சார்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... அவனோட இடது கை எங்க இருக்கு, பாருங்க."

பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

"அதுக்கென்ன?"

"பிளக்கைப் பிடுங்கினாலும் வால்வு ஆம்ப் உள்ள கரண்ட் தங்கியிருக்கும். ரெண்டு கையையும் விட்டா நெஞ்சு வழியாப் பாயும். அதனால நாங்க ஒரு கையை பாக்கெட்ல போட்டுட்டுத்தான் உள்ளயே தொடுவோம். பழகிட்டா கை தானா போயிடும். பல்பு மாத்தத் தெரியாதவனுக்கு இதை யாரு பழக்கினது?"

தம்பி ஓரடி பின்வாங்கினான்.

இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்தார். "சொல்லு."

"இசைக்குழுவை விட்டே போடான்னான் சார்..." தம்பி பல்லைக் கடித்தான். "எத்தனை வருஷம் அவன் பின்னாடியே நின்னு வாசிக்கிறது?"

விவாகரத்து வாங்கியவனுக்காக அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நின்று அழுதாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். தம்பி வலது கையை மட்டும் நீட்டினான்.

"பாக்கெட்ல இருக்கிறதையும் எடுப்பா. எங்க தொழிலுக்கு ரெண்டு கையும் வேணும்."