கூடவே போங்க

பொய்க்கு வாசனை கிடையாது. பல வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கும் மஹதிக்கு இது அனுபவப் பாடம். நடந்ததைச் சொல்கிறவர்கள் மண்ணெண்ணெய் நாற்றம், ஈரத் துண்டின் வாடை என்று நடுவில் எதையாவது சொல்லிவிடுவார்கள். இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் கண்ணால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வார்கள். அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில், மதிய வெயிலில், அவள் அப்போதுதான் இட்டுக்கட்டிய கதையிலிருந்து நனைந்த கோணியின் வாடை வந்தது. அவள் பயப்படவில்லை. கீழே யாராவது கோணியைக் காயப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

அது ஆலோசகர்களுக்கான பயிற்சி வகுப்பு. மனதில் உறைந்துபோன பழைய அதிர்ச்சியைக் கரைக்கப் புதிதாக வந்திருந்த ஒரு முறை. நோயாளி அந்த நினைவை மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் இரண்டு விரல்களை அவர் கண்முன் இடமும் வலமுமாக ஆட்டுவார், கண்கள் பின்தொடரும். நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்று கேட்பார். எது வந்தாலும் அதோடு போகச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுவார். வகுப்பெடுத்த டாக்டர் கல்யாணராமன் இதை அமெரிக்காவில் கற்றுவந்தவர். ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு சின்ன வாக்கியம் வைத்திருந்தார்கள். தமிழில் எப்படிச் சொல்வது என்று காலை முழுக்க அடித்துக்கொண்டு, கடைசியில் "கூடவே போங்க" என்று முடிவாயிற்று. "பேய் ஓட்டறவன் சொல்ற மாதிரி இருக்கு சார்," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், மஹதியும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து, தங்கள் சொந்த நினைவு ஒன்றை வைத்து, ஒருவர்மேல் ஒருவர் இந்த முறையைப் பழகிப் பார்க்க வேண்டும். மஹதிக்கு வாய்த்தவர் ஆரோக்கியமேரி. சாந்தோமில் ஒரு பள்ளியின் ஆலோசகர், தங்கமான மனுஷி, ஆனால் ஓட்டை வாய். ஊரையெல்லாம் மனதைத் திறந்து பேசச் சொல்கிறவர்களுக்குத் தங்கள் மனது என்று வந்தால் மட்டும் சாவி தொலைந்துவிடும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே என்று மஹதி ஒரு சின்னக் கதையைக் கட்டினாள். எட்டு வயதில், தி.நகரில் ஒரு கல்யாணம். அரிசி மூட்டையும் காய்கறியும் அடுக்கிய உக்கிராண அறையில் அவள் தூங்கிப்போக, சமையல்காரர் கவனிக்காமல் வெளியே பூட்டிவிட்டார். அவ்வளவுதான் கதை. அவளுக்கு அப்படி எதுவும் நடந்ததே இல்லை.

"முடியலைன்னா கையைத் தூக்குங்க மஹதி. உடனே நிறுத்திடறேன்," என்றார் மேரி.

விரல்கள் ஆடின. மேலே மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது, பக்கத்து ஜோடிகளின் முணுமுணுப்பு கலந்து வந்தது, ஜன்னல் வழியே வந்த கடல்காற்றில் வாகைமரத்து நெற்றுகள் சலசலத்தன. பிறகு அந்தச் சலசலப்பு அரிசி சரியும் ஓசையாக மாறியது. கோணி வாடைக்கு அடியில் அழுகத் தொடங்கிய வாழைத்தண்டின் வாடை. கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம்.

"இப்ப என்ன வருது?"

"கோணி வாடை. கதவு. அப்புறம்… யாரோ இருக்கா."

"கூடவே போங்க."

மூட்டைக்கு மேல் பாவாடை கட்டிய ஒரு சிறுமி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மஹதி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, வளர்ந்த மனது குழந்தை மனதைப் பார்க்கிறது, எத்தனை நோயாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சு மணிக்கு மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு முடிந்து மகள் மாளவிகா வாசலில் நிற்பாள். இன்னும் கொஞ்ச நேரம், பிறகு எழுந்து கிளம்பிவிடலாம்.

சிறுமி திரும்பினாள்.

முகம் இல்லை. பிசைந்து வைத்த மாவைப் போல வழவழவென்று இருந்தது. அவசரத்தில் கட்டிய கதையில் மஹதி வயது சொன்னாள், ஊர் சொன்னாள், பூட்டுக்கூடப் போட்டாள். முகம் வைக்கவில்லை.

"கதவை யார் வந்து தெறப்பா?" என்று கேட்டது அது. எதைக் கொண்டு கேட்டது என்று தெரியவில்லை.

அதையும் மஹதி யோசித்திருக்கவில்லை. பூட்டியதோடு கதையை முடித்திருந்தாள். திறக்க ஒருவரும் இல்லை. அப்படியானால் இந்தக் குழந்தை இங்கேயே கிடக்க வேண்டியதுதானா என்று நினைத்தபோது அவளுக்குப் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகமாக வந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"இப்ப என்ன வருது?" மேரியின் குரல் கதவுக்கு வெளியே இருந்து வந்தது.

கதவுக்கு வெளியே.

மஹதி கையைத் தூக்கினாள். இருட்டில் கை உயர்ந்தது. மேரி நிறுத்தவில்லை. இன்னும் உயர்த்தினாள், தோள் வலிக்கும்வரை. அங்கே, நாற்காலியில், அவளுடைய கை மடியிலேயே கிடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"வெளியில போகணும்," என்று யாரோ சொன்னார்கள். சொன்னது அவளா, அதுவா?

"ரொம்ப நல்லது. கூடவே போங்க."

சிறுமி மூட்டையிலிருந்து இறங்கினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னையா போகச் சொல்றா?"

"இல்லை. உன்னை இல்லை. என்னைத்தான்."

"போங்கன்னு சொன்னாளே."

அரிசி மிதிபடும் ஓசை. நெருங்கி வந்தாள். மாவில் கோடு விழுந்தது. முதலில் புருவம். பிறகு மூக்கு, அதில் மூக்குத்தி. மஹதி தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்குத்தி. ஒரு சின்னக் கை அவள் கன்னத்தைத் தொட்டது. குளிர்ந்த, ஈரமான கை. நகர முடியவில்லை.

பிறகு அறையில் யாரும் இல்லை. மஹதி மட்டும்.

"இப்ப என்ன வருது மஹதி?"

"ஒண்ணும் வரலை மேரி." மஹதியின் குரல், கதவுக்கு வெளியே. தெளிவாக, சிரிப்போடு. "லேசா இருக்கு. வெளியில வந்துட்டேன்."

கல்யாணராமனின் செருப்புச் சத்தம் நெருங்கியது. "குட். அப்படியே விட்டுடக் கூடாது மேரி. மீதி ஏதாவது இருந்தா ஒரு பெட்டியில போட்டுப் பூட்டறதா நெனச்சுக்கச் சொல்லுங்கோ. இல்லேன்னா ஆத்துக்கும் கூடவே வரும்."

"மீதி ஏதாவது இருக்கா மஹதி?"

"உள்ள ஒருத்தி இருக்கா. அழுதுண்டிருக்கா."

"பாவம். இருக்கட்டும், நல்லாப் பூட்டிடுங்க."

மஹதி கதவில் மோதினாள். மேரி, அது நான் இல்லை. மேரி. இங்கே இருக்கேன். தட்டினாள், உதைத்தாள், பலகை அசையவே இல்லை. மாளவிகாவுக்கு வித்தியாசம் தெரியும், பெற்ற குழந்தைக்குத் தெரியாமல் போகுமா என்று நினைத்தாள். மாளவிகா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றும் நினைத்தாள்.

"பூட்டிட்டேன்," என்றது வெளியே அவள் குரல். "கிளம்பறேன் மேரி. பொண்ணு காத்துண்டிருப்பா."

உள்பக்கத் தாழ்ப்பாளைப் பிடித்து உலுக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. மதியம்வரை எட்டியிருக்கும். கையைப் பார்த்தாள். வெளிச்சக் கோட்டில், மோதிரம் இல்லாத, குட்டையான விரல்கள். காலைச் சுற்றிப் பாவாடை.

மாடிப்படி இறங்கும் ஓசை. ஒருத்தியின் காலடி.

கத்த வேண்டும். இப்போதே. அது தெருவுக்குப் போவதற்குள்.

மஹதி வாயைத் திறக்கப் பார்த்தாள். கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை தடவினாள், மறுபடியும் தடவினாள், விரல்கள் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போயின.