எழுபத்திரண்டு கிலோ நானூறு

சீட் பெல்ட் மணி அடிக்கவில்லை.

எடை ஆய்வாளர் முன்சீட்டில் உட்கார்ந்து, கைப்பையைக் காலடியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல அந்த மணிக்காகக் காத்திருந்தார். பத்தொன்பது வருட வேலையில் அவர் பெல்ட்டைத் தானாக மாட்டிக்கொண்டதே கிடையாது. வண்டி கிணிங் கிணிங் என்று பத்துத் தரம் கெஞ்ச வேண்டும், பிறகுதான் மாட்டுவார். உலகத்தில் தன்னைக் கெஞ்சுகிற ஒரே ஜீவன் அதுதான் என்று மனைவியிடம் ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. இன்று வண்டி கிடங்கு வாசலைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கி ஏறி, பெரிய சாலைக்கும் வந்துவிட்டது. மணி வாயைத் திறக்கவில்லை.

"மணி அடிக்கலையே," என்றார்.

"என்ன சார்?" என்றான் ஓட்டுநர். ஆள் ஒல்லி என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு ஊசி என்று பெயர்.

"சீட் பெல்ட் மணிடா."

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க." கியரை மாற்றிக்கொண்டே ஊசி முகத்தைச் சுளித்தான். "வண்டி பின்னாடி இழுக்குதே. எடைக்கல்லெல்லாம்தான் நாளைக்கு வேணும்னு கிடங்குலயே விட்டுட்டு வந்துட்டோமே? ஆள் ஏத்துன மாதிரி இழுக்குது. டயர்ல காத்து இல்ல போல."

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. ஓரமாக மடித்து வைத்திருந்த அவருடைய மழைக்கோட்டு மட்டும் சீட்டின் நடுப்பக்கமாக வழுக்கி வந்து கிடந்தது. கிரீஸும் சாக்குத்தூசியும் கலந்த கிடங்கு வாடை வண்டிக்குள் இன்னும் இருந்தது.

அவருக்கு மதியத்திலிருந்தே எரிச்சல். பார்சல் கிடங்கின் மேனேஜர் அவரை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்திருந்தார். நாற்காலி இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. காதில் போனோடு அவரைத் தாண்டி மூன்று முறை போனார், வழியில் கிடக்கிற மூட்டையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல. யோவ், உன் தராசுக்கு முத்திரை வைக்க வந்தவன்யா நான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவர் எங்கேயும் கத்தியதில்லை. யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்பது அவர் வாழ்க்கையில் பிடித்துக்கொண்ட ஒரே கொள்கை. பஸ்ஸில் ஓரமாக நிற்பார். வீட்டில் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். தலைவலி என்றால்கூட யாரிடமும் சொல்லமாட்டார். இத்தனைக்கும் கிடைத்த பலன், அவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனதுதான்.

அந்தக் கோபத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. தரையோடு தரையாகப் பதித்த பெரிய மேடைத் தராசு அது. சோதனையெல்லாம் முடிந்தபிறகு, காலி மேடையைக் காட்டி இதுதான் பூஜ்யம் என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்து, மேடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற அதன் பெட்டியை மூடி, ஈய முத்திரையை நசுக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கம் எட்டாது. குனிந்து கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: கை போகலாம், கால் போகக் கூடாது. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இன்று மேனேஜரை மனதுக்குள் வைதுகொண்டே, இரண்டு காலையும் மேடைமேல் ஊன்றி நின்றபடி பூஜ்யத்தை அழுத்தி, மூடி, முத்திரையையும் நசுக்கிவிட்டார்.

கீழே இறங்கிய பிறகுதான் திரையைப் பார்த்தார். மைனஸ் எழுபத்திரண்டு புள்ளி நான்கு.

அது அவருடைய எடை. அவரையே பூஜ்யமாக வைத்துக் கணக்குத் தொடங்கிவிட்டது தராசு. முத்திரையை உடைத்தால் விளக்கக் கடிதம், மேலதிகாரியின் உறுமல், மறுபடியும் அந்த மேனேஜர் மூஞ்சி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, காலி மேடையின் எதிரில், அவர் கண்முன்னே, எண்கள் குறைந்தன. அறுபது. முப்பது. எட்டு. மைனஸ் குறி அணைந்தது. பூஜ்யம். அப்பாடா, தானே சரியாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டுக் கிளம்பிவிட்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கதவின் கைப்பிடி அவருக்கு மசியவில்லை. மூன்றாவது இழுப்பில்தான் விட்டுக்கொடுத்தது. அதற்குள் ஊசி இறங்கி வந்து, போனில் கண்ணை வைத்துக்கொண்டே, பின்கதவைத் திறந்து பிடித்தான்.

"பாத்து இறங்குங்க சார்."

"இங்க இருக்கேன்டா நான்!"

ஊசி பின்கதவைப் பதமாகச் சாத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் போய்விட்டான். இவனுக்குக் கண் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் லிஃப்டுக்குள் நுழைந்தார். உள்ளே ஆள் இல்லாவிட்டால் விளக்கும் விசிறியும் அணைந்துவிடுகிற லிஃப்ட் அது. அவர் ஏறியும் அணைந்தே இருந்தன. நான்காம் எண்ணை அழுத்தினார். பொத்தான் அமுங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், முஷ்டியால் குத்தினார், கடைசியில் தோளைக் கொடுத்து முட்டினார். சுவரில் வரைந்த பொத்தான்போல அது அப்படியே இருந்தது.

"சனியன். ஒண்ணாவது ஒழுங்கா வேலை செய்யுதா?"

படியில் ஏறினார். மாலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கோடு கோடாக விழுந்திருந்தது. ஃபினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. துடைக்கிற அம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் குனிந்து, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஈரத் தரையில் நடந்தால் அவள் யாரையும் சும்மா விடமாட்டாள். அவர் அவளைத் தாண்டி இரண்டு படி ஏறினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது படி ஏறும்போதுதான் அவள் குரல் வந்தது.

"ஈரத்துல நடக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? இப்பதான் துடைச்சேன்!"

அவரிடம் சொல்லவில்லை. அவர் அப்போதே தாண்டிவிட்டார். அவருக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள். பார்த்துக்கூட இல்லை, குனிந்த தலையோடு, தரையில் பதிகிற தடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் திரும்பினார். அவர் ஏறி வந்த படிகளில் அவருடைய தடம் ஒன்றுகூட இல்லை. கீழ்ப்படியில், ஈரத்தில், ஒரு ஷூ அச்சு விழுந்தது. அடுத்த படியில் இன்னொன்று. இடது குதிகால் லேசாக இழுத்து, ஒரு கோடு போட்டு. அவர் இடது குதிகால் அப்படித்தான் இழுக்கும். சத்தமும் அவருடையதுதான். தினமும் அவர் காலடியில் கேட்கிற சத்தம்.

தராசு சரியாகவில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இறங்கியதும் மைனஸ் காட்டிய மேடை, மறுபடி பூஜ்யம் காட்ட வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. எழுபத்திரண்டு கிலோ நானூறு கிராம். அத்தனையும் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும்.

ஏறி நின்றிருக்கிறது.

ஓடினார். மூச்சு வாங்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. பின்னால் வந்த நடை ஓடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் அவசரமில்லாத நடை. பயிற்சி வகுப்பில் அவர் வருடா வருடம் சொல்லுகிற வசனம் ஒன்று இருக்கிறது: கண் ஏமாறும், காது ஏமாறும், ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று தராசைக் கேளுங்கள், எது அழுத்துகிறதோ அது இருக்கிறது. கைதட்டுவார்கள். எது அழுத்தவில்லையோ அது என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை.

அழைப்பு மணி அவருக்கு அமுங்கவில்லை. கதவைத் தட்டினார். சத்தம் வரவில்லை. கத்தினார், காற்றைத் தள்ளினால்தானே குரல். குதிகால் இழுபட்டுக்கொண்டே மேலே வந்தது. அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மணி உள்ளே அடித்தது.

மனைவி பள்ளி ஆசிரியை. இடது கையில் விடைத்தாள், வாயில் சிவப்புப் பேனா, கண் தாளில். அப்படியே கதவைத் திறந்தாள்.

"வாங்க. சீக்கிரம் வந்துட்டீங்க?"

அவர் உள்ளே பாய்ந்தார். அவள் கதவைச் சாத்தவில்லை. இன்னொருவர் நுழைய ஆகும் நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்தினாள்.

"என்னைப் பாரு. ஒரே ஒரு தடவ நிமிர்ந்து பாரு."

அவள் சோபாவில் உட்கார்ந்து கூட்டல் போட்டாள். அவர் மறுமுனையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் அவள் பக்கம் ஒரு விரற்கடை எழும்பும், அவள் வைவாள். பதினொரு வருடமாக இந்த வசவைத்தான் அவர் வெறுத்தார். இப்போது அதற்காகத் தவித்தார். சோபா அசையவில்லை. அவள் தோளைப் பிடித்தார். சேலை மடிப்புகூடக் கலையவில்லை. எத்தனை வருடம் ஆயிற்று இவள் என் முகத்தைப் பார்த்து என்று நினைத்தபோது, பயத்தையும் மீறி அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பார்ப்பதே இல்லை. மணி அடித்தால் திறக்கிறாள், சோபா அமுங்கினால் வைகிறாள், கட்டில் கிறீச்சிட்டால் விளக்கை அணைக்கிறாள். அவ்வளவுதான் நான். அவ்வளவுக்கு நான் எதற்கு?

அவளுக்கு அந்தப்பக்கம், சோபா அமுங்கியது.

நிதானமாக. ஸ்பிரிங் முனக.

"மெதுவா உக்காரக் கூடாதா?" என்றாள். குரலில் கோபமில்லை. தாளில் கண்ணை வைத்துக்கொண்டே, லேசாகச் சிரித்தபடி, அந்தப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தாள். அவளுடைய தலை ஒன்றுமில்லாத இடத்தில் வசதியாகத் தாங்கி நின்றது. அவர் பக்கம் அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை.

"பாப்பா எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போய் ஒரு நிமிஷம் விளையாடிட்டு வாங்களேன்."

பள்ளம் நிமிர்ந்தது. நடை கிளம்பியது.

அவர் முந்திக்கொண்டு ஓடி மகளின் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். விடமாட்டேன். இவளையும் விடமாட்டேன். குதிகால் இழுபட்டது. நெருங்கியது. அவர்மேல் எதுவும் இடிக்கவில்லை. வாசல் திரைச்சீலை மட்டும் அவருக்குப் பின்னால் உள்பக்கமாக உப்பி, ஓர் ஆள் அளவு உப்பி, மறுபடி தொங்கியது.

எட்டு வயதுப் பெண் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்பா உட்கார்ந்ததும் மெத்தை சரியும், அவள் உருண்டு வந்து மோதுவாள். கண்ணைத் திறந்தால் ஆட்டம் போச்சு.

"நான் ரெடிப்பா!"

"கண்ணைத் திற. கண்ணைத் திற கண்ணு. அப்பா இங்க இருக்கேன்."

மெத்தை சரிந்தது. அவள் உருண்டாள். எதிலோ மோதி நின்றாள். கலகலவென்று சிரித்தாள்.

"இன்னொரு தடவ!"

மெத்தை ஓரம் நிமிர்ந்தது. இந்தமுறை நடுவில் அமுங்கியது. அவளுக்கு இந்தப்பக்கம் ஒன்று. அந்தப்பக்கம் ஒன்று. முழங்கால் அகலம். பிறகு தலையணைக்கு இருபுறமும், உள்ளங்கை அகலம்.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிஞ்சு விரல்களில் ஒன்றுகூட அசையவில்லை.

"அப்பா, மேல ஏறாதீங்க," என்றாள், இன்னும் சிரிப்போடு. "அப்பா, போதும். கனமா இருக்கீங்க."

கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சத்தம் போடாம விளையாடுங்க. இன்னும் இருபது பேப்பர் இருக்கு எனக்கு."

ஒரு தாள் புரளும் சத்தம்.

அவளுடைய பூப்போட்ட சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை, யாரோ உள்ளங்கையால் நீவிவிடுவதுபோல, சுருக்கமில்லாமல் தட்டையாயிற்று. மெத்தையின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. எழுபத்திரண்டைத் தாண்டியும் இறங்கின. கண்ணை இறுக மூடியபடியே அவள் ஒரு கையைத் தூக்கி, தன் முகத்துக்கு ஒரு சாண் மேலே, காற்றில் இருந்த முதுகைத் தட்டினாள். எழுந்திருங்கப்பா என்று மெல்ல, செல்லமாக. ஒரு தரம். இன்னொரு தரம். அப்புறம் அந்தக் கை தட்டுவதை நிறுத்திவிட்டு, அங்கேயே, விழாமல், அதன்மேல் கிடந்தது.